அனைரின் பெவனும் பொது மருத்துவமும்

திருவள்ளுவனார் மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்குமிடத்து, மருத்துவம் என்பது நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து அதனை அளிப்பவன் என நான்கு உறுப்புக்களை உடையது என வகுத்தார். அதற்கு உரை கண்ட பரிமேலழகர் ஒவ்வோர் உறுப்பிற்கும் நந்நான்கு இயல்புகளை எண்ணிக் காட்டுகின்றார். நோயுற்றவனுக்கு வேண்டிய இயல்புகளுள் அவர் முதற்கண் வைத்தது யாது? மருத்துவன் சொல் கேட்டு நடத்தலன்று. மருந்தின் துன்பத்தைப் பொறுத்தலுமன்று. பொருளுடைமையே அவர் முதலில் வைத்தது.

வகுப்பில் இவ்வுரையைப் பயின்றபொழுது நாம் சிறிது திகைத்தோம். பொருளில்லாதான் நோயாளியாதற்கும் தகுதியற்றவனோ என்னும் வினா நம் உள்ளத்தில் எழுந்தது. உரையாசிரியர்மேற் குறையில்லை, அவர் தம் காலத்து உலகியலையே கூறினார். அவர் காலத்தில் மட்டுமோ? அதன்பின்னும் பல நூற்றாண்டுகளாக எந்நாட்டிலும் நோயாளியின் முதல் இலக்கணம் அதுவாகவே இருந்து வந்தது. அவ்விலக்கணத்தை ஒரு நாடு முழுமைக்கும் மாற்றி எழுத முற்பட்ட ஒருவரின் வரலாற்றினை ஈண்டுச் சுருக்கிக் கூறப் புகுகின்றோம். அவர் பெயர் அனைரின் பெவன்.

பிறப்பும் இளமையும்

பிரிட்டன் தேசத்தின் மேற்புறத்தே வேல்ஸ் என்னும் மலைநாடு உளது. அதன் தென்பகுதி நிலக்கரிக்கும் இரும்புக்கும் பெயர்பெற்றது. அங்குள்ள ட்ரெடீகர் என்னும் சுரங்க ஊரில் 1897ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 15ஆம் நாள் பெவன் பிறந்தார். தந்தையார் டேவிட் பெவன் நிலக்கரி வெட்டுந் தொழிலாளர். தாயார் ஃபீபி தையற்றொழில் கற்றவர். அவர்கட்குப் பிறந்த மக்கள் பதின்மர். அவருட் சிலர் இளமையிலேயே இறந்துபட்டனர். ஒரு வீட்டிற் குழந்தைகள் இறப்பது அக்காலத்து அவ்வூரில் வியப்பன்று.

பள்ளிக்கூடம் பெவனுக்கு இனித்திலது. அவர் நா திக்கும் இயல்பினர். ஆசிரியரின் கடுமையும் உடன் மாணவரின் ஏளனமும் அவரை வருத்தின. 13 வயதிற் பள்ளியை விடுத்துத் தமையனோடு சுரங்கத்தில் இறங்கினார். பகலில் நிலத்தின் கீழ் இருள். மாலையில் நூலகத்தின் விளக்கொளி. ட்ரெடீகர்த் தொழிலாளர் தம் கூலியிற் சிறிது சிறிதாக ஈந்து அமைத்த நூலகம் அது. கல்லூரி காணாத அவர்க்கு அதுவே கல்லூரி ஆயிற்று. நாத்திக்கலை வெல்லுதற்கு அவர் கொண்ட வழி நம் போன்ற மொழி மாணாக்கர் கருதத்தக்கது. எச்சொல் நாவில் இடறுமோ அச்சொல்லை விலக்கி, அப்பொருளையே குறிக்கும் வேறு சொல்லைத் தேடிப் பழகினார். மலைமேல் தனியே நின்று செய்யுட்களை உரக்கக் கூறிப் பயின்றார். இங்ஙனம் குறையை மறைக்கத் தேடிய சொற்களே பின்னாளிற் பாராளுமன்றத்தைக் கட்டிய சொல்வன்மையாக முதிர்ந்தன.

சுரங்கத்தின் மங்கலொளியில் உழைப்பார்க்கு உண்டாகும் கண்ணோய் ஒன்று அவரையும் பற்றிற்று. 1919இல் தென்வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் உதவிபெற்று இலண்டன் நகரத்துத் தொழிலாளர் கல்லூரியில் ஈராண்டு பயின்றார். மீண்டு வந்தபொழுது ஊரில் அவர்க்கு வேலை கொடுப்பாரில்லை. அந்நாட்களிலேயே தந்தையார் நிலக்கரித் தூசியால் நுரையீரல் கெட்டு நாளுக்கு நாள் நலிந்தார். 1925இல் மகனின் கைகளிலேயே உயிர் துறந்தார். தொழிலால் வந்த நோய்களின் அட்டவணையில் அந்நோய் அக்காலத்திற் சேர்க்கப்படாமையின், இழப்பீடாக ஒரு காசும் குடும்பத்திற்குக் கிடைத்திலது. அந்தோ! வாழ்நாளெல்லாம் பூமியைக் குடைந்தவனுக்கு அதன் தூசியே ஊதியமாயிற்று. இந்நிகழ்ச்சி பெவனுடைய உள்ளத்தில் ஆறாத வடுவாய் நின்றது என்பதில் ஐயமில்லை.

ட்ரெடீகர் மருத்துவ உதவிச் சங்கம்

பெவனார் பின்னாளிற் செய்த பெருஞ்செயலுக்கு வித்து அவர் ஊரிலேயே இருந்தது. 1890ஆம் ஆண்டு தொடங்கி ட்ரெடீகரில் மருத்துவ உதவிச் சங்கம் என ஒன்று நடைபெற்று வந்தது. சுரங்கத்தாரும் இரும்பாலைத் தொழிலாளரும் தம் கூலியிற் பவுன் ஒன்றுக்கு மூன்று பென்னி வீதம் அதற்குச் செலுத்துவர். அத்தொகையைக் கொண்டு சங்கத்தார் மருத்துவரையும் செவிலியரையும் பல் மருத்துவரையும் சம்பளத்துக்கு அமர்த்தினர். நோயுற்ற உறுப்பினரும் அவர்தம் மனைவி மக்களும் சிகிச்சை பெறும்பொழுது மீண்டும் காசு கொடுத்தல் வேண்டா. ஊரார் ஏறத்தாழ அனைவரும் இதன் பயனைப் பெற்றனர். மருத்துவரும் நாவலாசிரியருமாகிய ஏ. ஜே. குரோனின் இச்சங்கத்திற் சில ஆண்டு பணியாற்றியவர். 1937இல் வெளிவந்த அவருடைய தி சிட்டடெல் என்னும் நாவல் இத்தகைய சுரங்க ஊர்களின் மருத்துவ வாழ்க்கையைச் சித்திரிப்பது.

நாடு முழுவதும் நிலைமை இவ்வாறு இருந்திலது. 1911ஆம் ஆண்டின் தேசியக் காப்புறுதிச் சட்டம் கூலி பெறும் தொழிலாளிக்கு மருத்துவரை அளித்தது. அவன் மனைவிக்கும் குழந்தைகட்கும் அளித்திலது. ஆகவே, குடும்பத்தலைவி தன் நோயை மறைத்துக்கொண்டு அடுப்பின் முன் நிற்பதும், குழந்தையின் சுரம் தானே தணியுமோ என இரவெல்லாம் பார்த்திருந்து விடியலில் மருத்துவரை அழைப்பதும் வழக்கமாயின. காலந்தாழ்த்து அழைத்த மருத்துவர் இறப்புச் சான்று எழுதவே வருவதும் உண்டு. நோய் ஒரு துன்பம். அந்நோய்க்கு எவ்வளவு ஆகுமோ என்னும் அச்சம் அதனினும் பெரிய துன்பம். இவ்விரண்டாம் துன்பத்தை மனிதர் கூடி முயன்றால் ஒழித்தல் கூடும் என்பதைப் பெவனார் நூல்களிலிருந்து கற்றிலர். தம் ஊர்ச் சங்கத்தின் நிருவாகக் குழுவில் அமர்ந்து கணக்குப் பார்த்த நாட்களிலே கற்றுக்கொண்டனர்.

பாராளுமன்றமும் மந்திரிப் பதவியும்

1922இல் ஊராட்சிக் கழகத்தின் உறுப்பினராயினார். 1926இல் நிகழ்ந்த பொது வேலைநிறுத்தத்தில் ஊர்த் தொழிலாளரை முன்னின்று நடத்தினார். 1929இல் எபூ வேல் தொகுதியிலிருந்து தொழிற்கட்சியின் சார்பிற் பாராளுமன்றம் புக்கார். இறக்கும்வரை, முப்பத்தோராண்டு, அத்தொகுதி அவரைக் கைவிட்டிலது. 1934இல் தம்மைப் போலவே பாராளுமன்றத்திற் பணியாற்றிய ஜெனி லீ என்னும் மங்கையாரை மணந்தார். போர்க்காலத்தில் சர்ச்சிலின் அரசாங்கத்தை எதிர்த்துப் பேச அஞ்சாதவராய் நின்றமையின், அவரை வெறுத்தாரும் பலர்.

குணமென்னும் குன்றேறி நின்றார் எனப் பெவனாரை நாம் கூறமாட்டோம். அவர் நாவிற் கூர்மை மிகுதி. மருத்துவப் பணி தொடங்குதற்கு முதல் நாளன்று, எதிர்க்கட்சியாரைத் தீங்கு செய்யும் சிற்றுயிர்கட்கு ஒப்பிட்டுப் பேசித் தம் தலைவராகிய அட்லியின் கண்டனத்தையும் பெற்றார். நல்லுணவிலும் நல்ல பேச்சிலும் விருப்புடையவர். ஏழை பங்காளர்க்கு இவை தகுமோ எனப் பத்திரிகைகள் எள்ளின. இக்குறைகளை மறைத்து எழுதுதல் வரலாறாகாது.

1942ஆம் ஆண்டு டிசம்பரில் பெவரிட்ஜ் என்பார் வெளியிட்ட அறிக்கை, போர் முடிந்தபின் அமைய வேண்டிய சமுதாயக் காப்பினை விவரித்து, அனைவர்க்கும் மருத்துவம் என்பதனை அதற்கு அடிப்படையாகக் கொண்டது. 1945இல் தொழிற்கட்சி பெருவெற்றி எய்தியபொழுது, அட்லி, 47 வயதினராகிய பெவனைச் சுகாதார மந்திரியாக்கினார். மந்திரி சபையில் அவரே இளையவர். அதற்குமுன் எப்பதவியும் வகித்தறியாதவர்.

அக்காலத்து மருத்துவச்சாலைகள் இருவகைப்பட்டன. தருமவான்களின் நன்கொடையால் நடப்பன ஒருவகை. நகராட்சிகள் நடத்துவன மற்றொரு வகை. செல்வர் மிக்க ஊரில் மருத்துவச்சாலை மிக்கிருந்தது. நோய் மிக்க ஊரில் அது குறைந்திருந்தது. கொடியேற்றியும் உண்டியல் குலுக்கியும் பணந்திரட்டி நடத்திய சாலைகள் போருக்குப்பின் கடனில் மூழ்கும் நிலையில் இருந்தன. பெவனார் அவ்விருவகையினையும் அரசின்பாற் சேர்த்து ஒன்றாக்கத் துணிந்தார். நகராட்சிகளின் உரிமையைப் பறித்தல் தகாது என அவர் கட்சியைச் சேர்ந்த ஹெர்பர்ட் மாரிசனே மந்திரி சபையில் வாதாடினார். அதனை வென்று, 1946ஆம் ஆண்டு நவம்பரில் தேசிய சுகாதாரப் பணிச் சட்டம் நிறைவேறிற்று.

மருத்துவரின் எதிர்ப்பு

சட்டம் இயற்றல் எளிது. மருத்துவரின்றி அதனை நடத்தல் அரிது. பிரிட்டிஷ் மருத்துவச் சங்கத்தார் இத்திட்டத்தை வன்மையாக எதிர்த்தனர். 1948 பிப்ரவரியில் அவர்கள் எடுத்த வாக்கெடுப்பில் நாற்பதினாயிரவர்க்கு மேற்பட்ட மருத்துவர் எதிராகவும், ஐயாயிரவர்க்குக் குறைந்தோரே ஆதரவாகவும் வாக்களித்தனர். அவர்களெல்லாம் பொருளாசையால் எதிர்த்தனர் எனல் பிழை. தாம் அரசாங்கத்தின் சம்பள ஆட்களாகி, நோயாளியின் நன்மையைக் காட்டிலும் மேலதிகாரியின் கட்டளையை நோக்க வேண்டி வருமோ என்பதே பலருடைய அச்சம்.

பெவனார் இவ்விடத்துப் பிடிவாதத்தைக் கைவிட்டுச் சூழ்ச்சியறிந்து நடந்தார். பெரு மருத்துவச்சாலைகளின் நிபுணர்கட்கு நல்லூதியம் தந்து, தனிப்பட்ட முறையிற் பொருள் பெற்று மருத்துவம் செய்யவும், அரசாங்க மருத்துவச்சாலையிலேயே அதற்குச் சில படுக்கைகளை வைத்துக்கொள்ளவும் இசைந்தார். இராச வைத்தியக் கல்லூரியின் தலைவராகிய மோரன் பிரபு இதற்குத் துணைநின்றார். குடும்ப மருத்துவர்க்கு மாதச் சம்பளம் என்னும் ஏற்பாட்டையும் விடுத்து, பதிவு செய்துகொண்ட நோயாளிகளின் தலைக்கு இவ்வளவு எனக் கொடுக்க உடன்பட்டார். ஆனால் ஒன்றனை அவர் விட்டுக்கொடுத்திலர். மருத்துவர் தம் தொழிலிடத்தையும் அதிற் பதிந்த நோயாளிகளையும் ஒருங்கே விலைக்கு விற்கும் வழக்கத்தை முற்றும் ஒழித்தார். அதற்கு ஈடாக 6 கோடியே 60 இலட்சம் பவுன் ஒதுக்கினார். நோயாளிகள் ஆட்டுமந்தை போல ஒருவர் கையினின்றும் மற்றொருவர் கைக்கு விலைபோதல் கூடாது என்பதே அதன் கருத்து. மருத்துவச் சங்கமும் இறுதியில் இணங்கிற்று.

1948 ஜூலை 5

1948ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 5ஆம் நாள் பணி தொடங்கிற்று. மான்செஸ்டர் நகரத்தை அடுத்த பார்க் மருத்துவச்சாலைக்குப் பெவனார் நேரிற் சென்று, 13 வயதுச் சிறுமி ஒருத்தியின் படுக்கையருகே நின்று பேசினார். அன்று முதல், செல்வன் வறியன், முதலாளி தொழிலாளி என்னும் வேற்றுமையின்றி யாவரும் சிகிச்சை பெறலாயினர். பணம் வானத்திலிருந்து வீழ்ந்ததன்று. மக்கள் நலமாயிருக்கும் நாளில் வரியாகச் செலுத்தினர்; நோயுற்ற நாளில் ஒன்றும் செலுத்தாது பெற்றனர். ட்ரெடீகரின் மூன்று பென்னித் தத்துவமே தேசம் முழுவதற்கும் விரிந்தது.

மடை திறந்தாற்போல மக்கள் வந்தனர். முதல் ஓராண்டில் 50 இலட்சத்துக்கு மேற்பட்ட மூக்குக் கண்ணாடிகள் வழங்கப்பட்டன; பல் மருத்துவரை நாடினோர் 80 இலட்சத்துக்கு மேற்பட்டனர். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் கண்ணாடிகளை ஒவ்வொன்றாக அணிந்து பார்த்து, எதிற் சிறிது தெரிகின்றதோ அதனை வாங்கிச் சென்ற முதியோர், முதன்முறையாகத் தம் கண்ணுக்கென அமைந்த கண்ணாடி பெற்றனர். பல்லாண்டு நோயை மறைத்து வாழ்ந்த தாய்மார் மருத்துவரிடம் வந்து வாய்திறந்தனர். செலவு மதிப்பிட்டதினும் மிக்கது. இலவசமாதலின் மக்கள் வீணாக்குகின்றனர் என ஒருசாரார் முறையிட்டனர். இதுகாறும் மறைந்து கிடந்த நோயே இப்பொழுது வெளிப்படுகின்றது என்பது பெவனார் கொண்ட முடிவு.

பதவி துறத்தல்

இனி அவர் வாழ்வின் பெரும் சோதனையைக் கூறுவோம். 1951 ஜனவரியில் அவர் தொழில் மந்திரியாக மாற்றப்பட்டார். அதே ஆண்டு ஏப்ரலில், நிதி மந்திரியாகிய ஹியூ கெயிட்ஸ்கெல், கொரியப் போரையொட்டிப் பெருகிய படைச் செலவை ஈடுசெய்யும் பொருட்டு, பொய்ப்பற்களுக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் ஆகும் விலையிற் பாதியை நோயாளிகளே கொடுக்க வேண்டும் என விதித்தார். அதனால் முதலாண்டிற் கிடைக்கும் தொகை 1 கோடியே 30 இலட்சம் பவுன். அரசாங்கத்தின் வரவுசெலவுப் பெருக்கில் அது ஒரு துளி. அத்துளிக்காகப் பெவனார் மந்திரிப் பதவியைத் துறந்தார். ஹரோல்ட் வில்சனும் ஜான் ஃபிரீமனும் உடன் விலகினர். அதே ஆண்டின் பிற்பகுதியிற் நடந்த தேர்தலில் தொழிற்கட்சி தோல்வியுற்றது.

இதனைத் தன்முனைப்பு என்றாரும் உளர். நிதி மந்திரிப் பதவி தமக்குக் கிட்டாத புழுக்கம் என்றாரும் உளர். மருந்துச் சீட்டுக்குக் கட்டணம் விதிக்கும் அதிகாரத்தை 1949ஆம் ஆண்டின் சட்டத்தில் அவரே ஏற்றுக்கொண்டார். ஆதலின் அவர் கொள்கை முழுத்தூய்மை உடையதன்று எனவும் கூறுவர். இவற்றிற் சிறிது உண்மை இருக்கலாம். ஆயினும் அவர் கண்டஞ்சியதும் பொய்யன்று. இன்று கண்ணாடிக்குக் காசு என்றால், நாளை மருந்துக்கு, மறுநாள் படுக்கைக்கு எனக் கொள்கை சிறிது சிறிதாகக் கரையும். கரையில் நண்டு குடைந்த வளை சிறிதாயினும், வெள்ளம் அவ்வழியேதான் புகும். அடுத்த ஆண்டு, 1952இல், புதிய அரசாங்கம் மருந்துச் சீட்டொன்றுக்கு ஒரு ஷில்லிங் விதித்தது.

பொதுப் பணியில் பணம் பாழாகின்றது என்னும் கூச்சலை ஆராய, அவ்வரசாங்கமே 1953இல் பொருளியலறிஞர் கில்லிபோ தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. 1956இல் வெளிவந்த அதன் அறிக்கை எதிர்பார்த்தார்க்கு ஏமாற்றம் தந்தது. தேசிய வருவாயில் மருத்துவப் பணிக்காகும் பங்கு ஏறவில்லை, சிறிது இறங்கியிருக்கின்றது என்பதே அக்குழு கண்ட உண்மை.

1959இல் பெவனார் கட்சியின் துணைத் தலைவராயினார். ஆனால் வயிற்றிற் புற்றுநோய் தோன்றிற்று. 1960ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள், தாம் அமைத்த பணிக்குப் பன்னீராண்டு நிறைந்த மறுநாள், 62ஆம் வயதில் உலகு நீத்தார். ட்ரெடீகருக்கு மேலுள்ள மலையில் அவரது சாம்பல் தூவப்பட்டது.

சந்தையும் சேவையும்

வாழ்க்கை வரலாறு ஈண்டு முடியினும், அவர் தொடங்கிய வழக்கு முடியவில்லை. 1983இல், அன்றைய பிரதம மந்திரி தாட்சரின் அரசாங்கம், பெரும் பலசரக்குக் கடை நிறுவனம் ஒன்றின் துணைத் தலைவராகிய ராய் கிரிஃபித்ஸ் என்பாரை அழைத்து மருத்துவச்சாலைகளின் ஆட்சிமுறையை ஆராயச் செய்தது. வாணிக நிறுவனங்களிற்போலப் பொறுப்புள்ள மேலாளர் ஒவ்வோரிடத்தும் வேண்டும் என அவர் கூறினார். 1985இல் அமெரிக்கப் பொருளியலறிஞர் அலன் எந்தோவன், மருத்துவப் பணிக்குள்ளேயே ஒரு சந்தையை அமைத்தல் நன்று என எழுதினார். 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1991 ஏப்ரலில் அச்சந்தை திறக்கப்பட்டது. மருத்துவச்சாலைகள் விற்பவராயின, வட்டார நிருவாகங்களும், தனி நிதி பெற்ற குடும்ப மருத்துவரும் வாங்குபவராயினர்.

நடுநிலை தவறாது இதனை நோக்குவோம். இச்சீர்திருத்தத்தார் நோயாளியிடம் காசு கேட்டிலர். அவ்வளவில் பெவனாரின் கட்டளை காக்கப்பட்டது. அவர்கள் காட்டிய குறைகளும் மெய்யே. நூறு பேர்க்குச் சிகிச்சை செய்த சாலைக்கும் இருநூறு பேர்க்குச் செய்த சாலைக்கும் ஒரே தொகை கிடைக்குமாயின், ஊக்கமுடையான் சோர்வான், சோம்பன் வாழ்வான். எதற்கு எவ்வளவு ஆகின்றது என ஒருவரும் அறியாவிடின் பணம் எங்கே ஒழுகுகின்றது என்பதும் தெரியாது. நோயாளி மாதக்கணக்கிற் காத்திருப்பதனைச் சேவை என்னும் அழகிய சொல்லால் மூடிவிடுதல் அறமாகாது.

ஆயினும் சந்தை என்பது எவ்வியல்பினது? சந்தையிற் கத்தரிக்காய் வாங்குவான் அதன் நன்மை தீமை அறிவான். விலை மிகுதியாயின் அடுத்த கடைக்குச் செல்வான். இன்று வேண்டா எனத் திரும்பியும் வருவான். நெஞ்சு வலிப்பவன் இம்மூன்றனுள் எதனைச் செய்வான்? தனக்கு வேண்டியது இன்னதென அறியான். அலைந்து விலைபேச வலியிலன். நாளைக்கு ஆகட்டும் எனத் தள்ளவும் இயலான். என்ன வாங்கவேண்டும் என்பதனை விற்பவனே அவனுக்குச் சொல்ல வேண்டியவனாகின்றான். அறிவு ஒருபாலே இருத்தலின் மருத்துவம் ஏனைப் பண்டங்களைப் போல விலைபோதல் அரிது என்பதனை அமெரிக்க அறிஞர் கென்னத் ஆரோ 1963இலேயே நிறுவினார். தென்வேல்ஸ் சுரங்க ஊரொன்றில் மருத்துவராயிருந்த ஜூலியன் டியூடர் ஹார்ட், நோய் மிக்க இடத்தில் நல்ல மருத்துவம் குறைந்தும், நோய் குறைந்த இடத்தில் அது மிக்கும் காணப்படுகின்றது என்றும், சந்தையின் ஆற்றல் பெருகுந்தோறும் இம்மாறுபாடும் பெருகும் என்றும் 1971இல் எழுதினார்.

உட்சந்தை கண்ட பயனும் கலப்பே. நிதி பெற்ற சில மருத்துவர்தம் நோயாளிகள் விரைவிற் சிகிச்சை பெற்றனர்; பெறாதவர்தம் நோயாளிகள் பின்தங்கினர். ஒப்பந்தம் எழுதவும், கணக்குச் சரிபார்க்கவும், விலைச்சீட்டு அனுப்பவும் புதிய ஆட்கள் வேண்டியவராயினர். 1999இல் குடும்ப மருத்துவர் நிதிமுறை நீக்கப்பட்டது. ஆயினும் அதனை நீக்கிய தொழிற்கட்சி அரசாங்கமே பின்னர் வேறு பெயர்களாற் போட்டியை மீட்டும் புகுத்திற்று. 2012ஆம் ஆண்டுச் சட்டம் அதனை மேலும் விரித்தது; 2022ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயப் போட்டியைத் தளர்த்திற்று. ஊசல் இங்ஙனம் ஆடிக்கொண்டிருக்க, 2023இல் இங்கிலாந்தில் சிகிச்சைக்குக் காத்திருந்தோர் பட்டியலின் தொகை 70 இலட்சத்துக்கு மேற்பட்டிருந்தது. சந்தை வந்தும் காத்திருத்தல் தீரவில்லை. சேவை என்னும் பெயர் இருந்தும் தீரவில்லை. போதிய பொருளும் போதிய ஆட்களும் இல்லாவிடத்து எம்முறையும் தளரும் என்பதே இதனால் நாம் அறிவது.

ஆட்கள் என்றவுடன் நம் நாட்டுத் தொடர்பு ஒன்று நினைவிற்கு வருகின்றது. பெவனார் அமைத்த பணியைத் தாங்கியவருள் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் சென்ற மருத்துவரும் பலர். தென்வேல்ஸின் சுரங்கப் பள்ளத்தாக்குகளில், அந்நாட்டு மருத்துவரே செல்ல விரும்பாத ஊர்களில், குடும்ப மருத்துவராய் அவர்கள் பல்லாண்டு உழைத்தனர். டேவிட் பெவனைப் போல நுரையீரலில் தூசி நிறைந்த முதியோரின் மார்பில் அவர்கள் செவிவைத்துக் கேட்டனர். இலாபம் ஒன்றே நோக்கமாயின் அவ்வூர்களில் நெடுங்காலம் தங்குவார் சிலரே.

முடிவுரை

பெவனார் பிறந்த வேல்ஸ் நாட்டில் 2007 ஏப்ரலில் மருந்துச் சீட்டுக் கட்டணம் முற்றும் நீக்கப்பட்டது. வட அயர்லாந்தும் ஸ்காட்லாந்தும் பின்னர் அவ்வழி நின்றன. இங்கிலாந்தில் அது நீடிக்கின்றது. 1951இல் ஒருவர் பதவி துறந்து காட்டிய கொள்கை, அரை நூற்றாண்டு கழிந்தபின் அவர் ஊரிலே மீண்டும் தளிர்த்தது.

இனி, நாம் தொடங்கிய இடத்திற்கே திரும்புவோம். நோயுற்றவனுக்குப் பொருளுடைமை வேண்டும் என்றார் உரையாசிரியர். பொருளின்றி மருத்துவம் நடவாது என்பது மெய்யே. அதனைப் பெவனாரும் மறுத்திலர். ஆனால் அப்பொருளை உடையவனாதல் வேண்டியவன் நோயாளியன்று, அவனைச் சூழ்ந்த நாடே என அவர் இலக்கணத்தை மாற்றினார். வாணிகரிடத்துக் கணக்கையும் விரைவையும் சிக்கனத்தையும் கற்றுக்கொள்ளல் தகும். ஆனால் மருத்துவச்சாலையின் வாயிலில் முதலிற் கேட்கப்படும் வினா எது என்பதனை வாணிகர் முடிவு செய்தல் தகாது. கையில் என்ன உள்ளது எனக் கேட்பது ஒரு வினா. உடம்பில் என்ன நோவு எனக் கேட்பது மற்றொன்று. ஒரு நாட்டின் உள்ளத்தை அறிய விரும்புவார் அவ்வாயிலிற் சிறிது நேரம் நின்று, இவ்விரண்டனுள் எது முன்னர்க் கேட்கப்படுகின்றது எனச் செவிசாய்ப்பாராக.